கன்வெர்டரின் ஆம்ப்ளிஃபையர் கிளாம்ப் சர்க்யூட்டுக்குக் காப்புரிமை: திருநெல்வேலிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் ஃபைனல் இயர் மாணவர்கள், பேட்டையில் இன்வெர்ட்டர் அசெம்பிள் செய்பவர்கள், வள்ளியூர், பணகுடிப் பக்கம் காற்றாலைக் கண்ட்ரோல் போர்டுகளைச் சரிபார்ப்பவர்கள், கோயில் கொடைகளுக்கு மைக் செட் கட்டும் அண்ணாச்சிமார் என்று நம் பக்கத்தில் கைவேலை தெரிந்தவர்களுக்கும் யோசனை உள்ளவர்களுக்கும் குறைவே இல்லை. காப்புரிமை என்று பேச்செடுத்தால் மட்டும் எல்லாரும் கேட்பது ஒரே சந்தேகங்களைத்தான். தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

பேச வசதியாக ஒரு மாதிரிச் சுற்றை வைத்துக்கொள்வோம். சொற்கள் புதிதாக இருந்தால் முதல் கேள்வியின் பதிலைப் படித்துவிட்டு இங்கே வாருங்கள். கன்வெர்டரின் எரர் ஆம்ப்ளிஃபையர் வெளியீடு வழக்கமாக எந்த மட்டத்தில் நிற்கிறதோ, அதை ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் மெதுவாகப் பின்தொடர்கின்றன. அந்தச் சராசரிக்குச் சற்று மேலே ஒரு டிரான்சிஸ்டர் கிளாம்ப் பிடிக்கிறது. ஆக, கிளாம்ப் மட்டம் ஒரே இடத்தில் நிற்காது, சுற்று ஓடும் நிலைக்கு ஏற்ப நகரும். இதை ‘நகரும் கிளாம்ப்’ என்போம். இது உலகத்துக்கே புதியது என்று நான் சொல்லவரவில்லை, இது வெறும் உதாரணம்தான்.

சார், கிளாம்ப் சர்க்யூட்டுன்னா என்ன? கன்வெர்டர்ல ஆம்ப்ளிஃபையர் எங்க இருந்து வந்துச்சு?

இது பாட்டு போடுகிற ஆம்ப்ளிஃபையர் இல்லை. கன்வெர்டர் என்பது ஒரு மின்னழுத்தத்தை இன்னொன்றாக மாற்றித் தரும் சுற்று. எஸ்எம்பிஎஸ் போன்ற பெரும்பாலான கன்வெர்டர்களுக்குள் எரர் ஆம்ப்ளிஃபையர் ஒன்று இருக்கும். வெளியீட்டு மின்னழுத்தத்தை ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைப் பெருக்கி, ஸ்விட்ச் எவ்வளவு நேரம் ஆன் ஆக வேண்டும் என்று சொல்வது அதுதான். கொடையில் மைக் செட் பேஸ் அடிக்கும்போது சப்ளை சற்று இறங்கும். எரர் ஆம்ப்ளிஃபையர் உடனே தன் வெளியீட்டை ஏற்றும். இறக்கம் பெரிதானால் உச்சிக்கே போய் ஒட்டிக்கொள்ளும், அதோடு இணைந்த காம்பன்சேஷன் கெப்பாசிட்டரும் (கன்வெர்டர் அலையாமல் நிலைப்படுத்துவது) நிரம்பிவிடும். அடி நின்ற பிறகும் அந்தக் கெப்பாசிட்டர் வடியும்வரை கன்வெர்டர் முழு பலத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும். சப்ளை எகிறும். கிளாம்ப் என்பது குளத்துக்கு மறுகால் மாதிரி. எவ்வளவு தண்ணீர் வந்தாலும் அந்த மட்டத்துக்கு மேல் ஏறவிடாது. ஏறாததால் இறங்கவும் நேரம் பிடிக்காது.

சர்வீஸ் கடைகளில் ‘கிளாம்ப்’ என்றால் வேறொன்றை நினைப்பார்கள். டிரான்ஸ்ஃபார்மரின் லீக்கேஜ் இண்டக்டன்ஸால் மாஸ்ஃபெட்டின் டிரெயினில் எழும் முள்போன்ற மின்னழுத்தத்தை ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டயோடு மூன்றும் சேர்ந்து அடக்கும், ஆர்சிடி கிளாம்ப் என்பது அதுதான். அது பவர் பக்கத்து வேலை. நாம் பேசுவது கண்ட்ரோல் பக்கத்துக் கிளாம்ப். விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே எந்தக் கிளாம்ப் என்று தெளிவாக எழுதுங்கள். குழப்பி எழுதினால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் எக்ஸாமினரின் தேடலும் தடம் மாறிப் போகும்.

ஒரு டயோடு, ரெண்டு ரெசிஸ்டர் சேத்ததுக்கெல்லாம் பேட்டண்ட் தருவாங்களா?

தருவார்கள். பாகங்களின் எண்ணிக்கை ஒரு கணக்கே இல்லை. ஃபார்வர்டு கன்வெர்டரில் டிரான்ஸ்ஃபார்மர் கோரை ரீசெட் செய்யும் ஆக்டிவ் கிளாம்ப்புக்கு 1984இல் பட்ரிசியோ வின்சியரெல்லி அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார், எண் 4,441,146. அதன் சாரம் கூடுதலாக ஒரு ஸ்விட்ச், ஒரு கெப்பாசிட்டர், அந்த ஸ்விட்சை எப்போது திறந்து மூடுவது என்ற ஒழுங்கு, இவ்வளவுதான்.

சேர்த்த பாகம் முன்பு நடக்காத எதை நடக்கவைக்கிறது என்பதுதான் கேள்வி. ‘டயோடு சேர்த்தேன்’ என்பது பதில் ஆகாது. ‘லோடு விலகியதும் வெளியீடு எகிறும் அளவு இவ்வளவு குறைகிறது, காரணம் இது’ என்று சொன்னால் அது பதில்.

அப்ளை பண்ணியாச்சு, ஜர்னல்லயும் வந்தாச்சு. அப்ப கிடைச்ச மாதிரிதானே?

இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘பப்ளிஷ்டு’ என்று வந்ததையே காப்புரிமை கிடைத்ததாக ஃபிளெக்ஸ் அடித்து வைப்பது பரவலாக நடக்கிறது. விண்ணப்பம் கொடுத்த 18 மாதத்தில் அது தானாகவே வெளியாகும். படிவம் 9 கொடுத்தால் இன்னும் சீக்கிரம் வரும். அதுவரை உங்கள் சுற்றை யாரும் பரிசீலித்திருக்க மாட்டார்கள்.

பரிசீலனை வேண்டும் என்று நீங்கள்தான் படிவம் 18இல் கேட்க வேண்டும். 2024 மார்ச் 15க்குப் பிறகு கொடுத்த விண்ணப்பங்களுக்கு இதன் கெடு 31 மாதம். முன்பு 48 மாதம் இருந்தது, பழைய கணக்கிலேயே இருந்துவிடாதீர்கள். கேட்காமல் விட்டால் விண்ணப்பத்தை வாபஸ் பெற்றதாகவே எடுத்துக்கொள்வார்கள். கேட்டால் எக்ஸாமினர் ஒருவர் படித்து, தேடி, ஆட்சேபணைகளை எழுதுவார். அதுதான் முதல் பரிசீலனை அறிக்கை, ஆபீஸ் பேச்சில் எஃப்இஆர். முடிவெடுப்பவர் அவருக்கு மேலே உள்ள கண்ட்ரோலர்.

எங்க போய்க் கொடுக்கணும்? தமிழ்ல எழுதிக் கொடுக்கலாமா?

நமக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது. இதற்காக நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியதில்லை, எல்லாம் ஆன்லைனிலேயே முடியும். காகிதமாகக் கொடுத்தால் கட்டணம் பத்து சதவீதம் கூடும்.

தமிழில் கொடுக்க முடியாது. விதிப்படி ஆங்கிலம் அல்லது இந்தி. ஆனாலும் முதல் வரைவை உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் எழுதச் சொல்வேன். சுற்று எப்படி வேலை செய்கிறது என்பதைத் தமிழில் ஒழுங்காகச் சொல்ல முடிந்தவர் சொல்வதை ஆங்கிலத்தில் ஆக்குவது எளிது. இணையத்திலிருந்து ஆங்கிலப் பத்திகளை எடுத்து ஒட்டினால் உங்கள் சுற்றின் உண்மையான விசேஷம் அதில் காணாமல் போய்விடும்.

எவ்வளவு ஆகும் அண்ணே?

தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியவற்றுக்கு ஆன்லைனில் விண்ணப்பத்துக்கு 1,600 ரூபாய், பரிசீலனைக்கு 4,000 ரூபாய். சீக்கிரம் வெளியாக வேண்டும் என்றால் இன்னும் 2,500. பெரிய நிறுவனங்களுக்கு விண்ணப்பம் 8,000, பரிசீலனை 20,000. முப்பது பக்கத்துக்கும் பத்து கிளெய்முக்கும் (எதன் மீது உரிமை கேட்கிறோம் என்று சொல்லும் வாசகங்கள்) மேல் போனால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு. பேட்டையில் பட்டறை வைத்திருப்பவர்கள் உத்யம் பதிவுச் சான்றோடு படிவம் 28 கொடுத்தால் சிறு நிறுவனக் கட்டணமே போதும்.

பேட்டண்ட் ஏஜெண்ட் வைத்தால் அவர் கட்டணம் தனி. ஏஜெண்ட் கட்டாயமில்லை. ஆனால் கிளெய்ம் எழுதுவதற்காவது அனுபவப்பட்டவர் ஒருவரிடம் காட்டுங்கள் என்பேன். ஏன் என்பது கீழே வரும் கிளெய்ம் கேள்வியில் புரியும்.

போர்டைக் கொண்டுபோய் ஆன் பண்ணிக் காட்டணுமா?

வேண்டியதில்லை. மாதிரியைக் கேட்க கண்ட்ரோலருக்குக் காப்புரிமைச் சட்டத்தின் பிரிவு 10(3) அதிகாரம் தருகிறது, ஆனால் இப்படிப்பட்ட சுற்றுக்கு அவர் படிப்பது காகிதத்தைத்தான். உங்கள் போர்டு எவ்வளவு அழகாக ஓடினாலும் விவரக்குறிப்பில் (சுற்றை விவரித்து எழுதிக் கொடுக்கும் ஸ்பெசிஃபிகேஷன்) இல்லாதது பரிசீலனையில் இல்லாததே. நம் பக்கத்து ஆட்கள் கைவேலையில் கெட்டிக்காரர்கள், எழுத்தில் சிக்கனக்காரர்கள். விண்ணப்பம் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

நகரும் கிளாம்ப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரி எடுக்கும் ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் எந்த மதிப்பில் இருக்க வேண்டும்? டைம் கான்ஸ்டன்ட் (அந்தச் சராசரி மாற எடுக்கும் நேரத்தின் அளவு) மிகக் குறைவாக இருந்தால் ஒரு பேஸ் அடிக்கே கிளாம்ப் மட்டமும் கூடவே ஏறிவிடும், பயனில்லை. மிக அதிகமாக இருந்தால் லோடு நிஜமாகவே கூடி நிலைத்தபோது கிளாம்ப் குறுக்கே நின்று வெளியீட்டைத் தொங்கவிடும். எந்த எல்லைக்குள் இருந்தால் சரிவரும், ஸ்விட்சிங் நேரத்தோடு அதற்கு என்ன உறவு, சராசரிக்கு மேல் எத்தனை மில்லிவோல்ட் இடைவெளி, எல்லாம் எழுத வேண்டும். பிரிவு 10(4) உங்களுக்குத் தெரிந்த மிகச் சிறந்த முறையையே எழுதச் சொல்கிறது. மதிப்புகளை மறைத்துவைத்துக்கொண்டு காப்புரிமை கேட்க முடியாது.

காலேஜ் எக்ஸ்போவுல வச்சாச்சு, யூடியூப்லயும் போட்டாச்சு. இனி முடியாதா?

சுற்றின் விவரம் வெளியே தெரியும்படி காட்டியிருந்தால் சிக்கல்தான். விண்ணப்பத் தேதிக்கு முன் பொதுவெளிக்கு வந்தது எதுவும், நீங்களே போட்டதானாலும், உங்களுக்கு எதிரான சான்று. பிரிவு 31 தருகிற 12 மாத அவகாசம் மிகக் குறுகலானது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி, கற்றோர் சங்கத்தில் படித்த கட்டுரை போன்ற சில நிலைகளுக்கு மட்டும்தான் அது. காலேஜ் எக்ஸ்போ அதில் வராது, யூடியூப் வரவே வராது.

பெட்டியை மூடிவைத்து ‘வெளியீடு எகிறாது பாருங்கள்’ என்று அலைவடிவத்தை மட்டும் காட்டியிருந்தால் கதை வேறு. பார்த்தவருக்கு உள்ளே இருக்கும் அமைப்பு தெரிந்திருக்காது. எது எவ்வளவு வெளியே போனது என்று தேதியோடு எழுதி வைத்துக்கொண்டு ஏஜெண்டிடம் பேசுங்கள். இனிமேல் செய்யப்போகிறவர்கள் முதலில் தற்காலிக விவரக்குறிப்புடன் விண்ணப்பம் கொடுத்துவிட்டு எக்ஸ்போவுக்குப் போகலாம். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பைக் கொடுக்க வேண்டும்.

நல்லாத் தேடிட்டேன், எதுவும் கிடைக்கல. அப்ப புதுசுதானே?

எதை வைத்துத் தேடினீர்கள் என்பதைப் பொறுத்தது. நீங்கள் ‘கிளாம்ப்’ என்று சொல்வதை இன்னொருவர் ‘லிமிட்டர்’ என்றும், மற்றொருவர் ‘ஆன்ட்டி வைண்டப்’ என்றும் எழுதியிருப்பார். அதனால் வார்த்தையை மட்டும் நம்பாமல் வகைப்பாட்டு எண்ணையும் வைத்துத் தேடுங்கள். கன்வெர்டர் பாதுகாப்புக்கு எச்02எம் 1/32, ஸ்னப்பருக்கு எச்02எம் 1/34, ஆம்ப்ளிஃபையர் பாதுகாப்புக்கு எச்03எஃப் 1/52, வீச்சை மட்டுப்படுத்தும் சுற்றுகளுக்கு எச்03ஜி 11. எஸ்பேஸ்நெட், பேட்டண்ட்ஸ்கோப், நம் நாட்டின் இன்பாஸ் ஆகிய தேடல் தளங்கள் மூன்றும் இலவசம்.

காப்புரிமைகளைத் தேடியதோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். ஐசி கம்பெனிகளின் தரவுத்தாள், அப்ளிகேஷன் நோட் எல்லாமே முன்சான்று, அதாவது உங்களுக்கு முன்பே வெளிவந்துவிட்ட தகவல். இந்தத் துறையில் பழைய தரவுத்தாள்களில்தான் பெரும் புதையல் கிடக்கிறது. உங்கள் மேஜை டிராயரிலேயே ஒன்று இருக்கலாம். அடுத்த கேள்வி அதைப் பற்றித்தான்.

எக்ஸாமினர் 3842 டேட்டாஷீட்டைக் காட்டி ‘பழசு’ங்கிறார். என் சர்க்யூட்டு வேற சார்!

எஸ்எம்பிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தும் யூசி 3842 ஐசியைக் கழற்றி மாட்டாத சர்வீஸ் கடை கிடையாது. அதற்குள் எரர் ஆம்ப்ளிஃபையரின் வெளியீடு இரண்டு டயோடு வழியாக, அதாவது சுமார் 1.4 வோல்ட் இழந்து, மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, 1 வோல்ட் கிளாம்ப்பில் வந்து நிற்கிறது. கரண்ட் சென்ஸ் கம்பாரேட்டர் அதோடுதான் ஒப்பிடுகிறது. உச்ச மின்னோட்டம் என்பது 1 வோல்ட்டை சென்ஸ் ரெசிஸ்டரால் வகுத்தது என்ற கணக்கு இங்கிருந்து வருகிறது. ஆக, ‘எரர் ஆம்ப்ளிஃபையரின் சமிக்ஞையைக் கிளாம்ப் செய்து மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் கன்வெர்டர்’ என்று உங்கள் முதல் கிளெய்ம் சொன்னால் எக்ஸாமினர் சொல்வது சரி. அது பழசு.

‘என்னுடையது ஆம்ப்ளிஃபையரின் வெளியீட்டு முனையையே பிடிக்கிறது’ என்பீர்கள். நல்ல வாதம். அந்த ஐசியில் உள்ளே கிளாம்ப் பிடித்த பிறகும் 1ஆம் பின்னில் (ஐசியின் முதல் காலில்) இருக்கும் வெளியீடு 4.4 வோல்ட்டைத் தாண்டி மேலே போக இடம் உண்டு, கெப்பாசிட்டர் நிரம்பும் தொல்லையும் தீர்வதில்லை. ஆனால் மோட்டரோலா வெளியிட்ட யூசி 3842ஏ தரவுத்தாளின் பின்பக்கங்களைப் புரட்டுங்கள். கிளாம்ப் மட்டத்தை வெளியிலிருந்து குறைப்பதற்கான படம் ஒன்று இருக்கிறது, ஒரு பிஎன்பி டிரான்சிஸ்டர் 1 பின்னையே கீழே இழுத்துப் பிடிக்கும். அந்த வாதமும் போயிற்று. ‘என் மட்டம் நகருமே’ என்றால், அதே படத்தில் ஒரு கெப்பாசிட்டர் சாஃப்ட் ஸ்டார்ட்டுக்காக அந்த மட்டத்தை மெதுவாக ஏற்றுகிறது. ‘நகரும்’ என்ற சொல் மட்டும் இருந்தால் அதுவும் நிற்காது.

மிஞ்சுவது என்ன? அந்தப் படத்தில் மட்டம் ரெஃபரன்ஸிலிருந்து வருகிறது, ஒருமுறை ஏறி நின்றுவிடும். நம் மாதிரியில் மட்டம் ஆம்ப்ளிஃபையரின் சொந்த வெளியீட்டுச் சராசரியிலிருந்து வருகிறது, ஓட்டம் முழுக்க ஏறி இறங்கும். அந்த ஒன்றைக் கிளெய்முக்குள் எழுத வேண்டும். புதுமை இல்லை என்று சொல்ல உங்கள் கிளெய்மின் எல்லா அம்சங்களும் ஒரே ஆவணத்தில் இருக்க வேண்டும். இந்த அம்சம் தரவுத்தாளில் இல்லாதவரை, புதுமை ஆட்சேபணைக்குப் பதில் உண்டு. எஃப்இஆரில் காட்டிய ஒவ்வொரு ஆவணத்தையும் இப்படிப் பின் பின்னாக, பாகம் பாகமாக உட்கார்ந்து படிப்பதுதான் பாதி வேலை. ‘என்னுடையது வேற’ என்று எத்தனை முறை எழுதினாலும் அது வாதமாகாது.

அப்ப கிளெய்ம்ல என்னதான் எழுதணும்? பொதுவா எழுதுனா நிறைய கவர் ஆகும்லா?

கவர் ஆகும், கூடவே பழைய சுற்றுகளையும் கவர் செய்யும். அங்கேதான் விழுவீர்கள். ‘கிளாம்ப் செய்யும் சாதனம்’ என்று வேலையை மட்டும் சொன்னால் தெளிவில்லை என்ற ஆட்சேபணையும் சேர்ந்து வரும். எது எதோடு இணைந்திருக்கிறது என்று எழுதுங்கள். நம் மாதிரிக்கு இப்படி: வெளியீட்டு முனை கொண்ட எரர் ஆம்ப்ளிஃபையர், அந்த முனையோடு இணைந்து அதன் சராசரியைத் தரும் சுற்று, சராசரிக்கு மேல் முன்குறித்த இடைவெளியில் அதே முனையைப் பிடிக்கும் கிளாம்ப் டிரான்சிஸ்டர், சராசரிச் சுற்றின் டைம் கான்ஸ்டன்ட் கன்வெர்டரின் ஸ்விட்சிங் நேரத்தைவிட நீண்டது.

முதல் கிளெய்மை இந்த அளவில் நிறுத்திவிட்டு, குறுகலான விவரங்களை, முதல் கிளெய்மைச் சுட்டி அதோடு ஒரு விவரத்தைச் சேர்க்கும் சார்பு கிளெய்ம்களில் வையுங்கள். இடைவெளி ஒரு டயோடு இறக்கம், டிரான்சிஸ்டர் பிஎன்பி, டைம் கான்ஸ்டன்ட் இந்த எல்லைக்குள் என்று ஒவ்வொன்றாக. முதல் கிளெய்ம் உடைந்தால் பின்வாங்கி நிற்க இடம் வேண்டும்.

புதுசுன்னு ஒத்துக்கிட்டாங்க, ஆனா ‘ஆப்வியஸ்’ங்கிறாங்க. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

புதுமைக்கு ஒரே ஆவணம் என்று மேலே சொன்னேன். ‘ஆப்வியஸ்’ என்பது கண்டுபிடிப்புப் படி (இன்வென்டிவ் ஸ்டெப்) இல்லை என்ற ஆட்சேபணை. அதற்கு எக்ஸாமினர் இரண்டு மூன்று ஆவணங்களைச் சேர்த்துப் பார்க்கலாம். 3842 தரவுத்தாள் ஒன்று, ஆடியோ கம்ப்ரெஸரில் சராசரியைப் பின்தொடரும் லிமிட்டர் இன்னொன்று, இரண்டையும் சேர்த்தால் உங்கள் சுற்று வந்துவிடுகிறதே என்பார். பிரிவு 2(1)(ஜேஏ) கேட்பது, தெரிந்தவற்றைவிடத் தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இருக்க வேண்டும், அது துறை தெரிந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். 1978இல் பிஸ்வநாத் பிரசாத் ராதே ஷியாம் வழக்கில் உச்ச நீதிமன்றம், பட்டறையில் சாதாரணமாகச் செய்யும் மேம்பாட்டைவிட இது அதிகமாக இருக்க வேண்டும் என்றது. பாத்திரம் கடையும் இயந்திரம் சம்பந்தப்பட்ட வழக்கு அது. நம் பட்டறைகளுக்கு அப்படியே பொருந்தும்.

பதிலில் சொல்ல வேண்டியது மூன்று. முன்சான்றில் தீராத குறை எது. அதைத் தீர்க்க அந்த இரண்டு ஆவணங்களைச் சேர்க்கும் எண்ணம் துறை தெரிந்தவருக்கு ஏன் வந்திருக்காது. சேர்த்தாலும் அப்படியே வேலை செய்யுமா. ஆடியோ லிமிட்டர் ஃபீட்பேக் வளையத்துக்குள் இல்லை. கன்வெர்டரில் கிளாம்ப் வளையத்துக்குள்ளேயே உட்கார்வதால் தவறான டைம் கான்ஸ்டன்ட் வைத்தால் வளையமே அலையும். அந்தச் சிக்கலை நீங்கள் தீர்த்திருந்தால் அதுதான் உங்கள் வாதத்தின் முதுகெலும்பு.

ஆஸிலோஸ்கோப் படம் பெரிய பலம். ஒரே போர்டு, ஒரே லோடு, கிளாம்ப் ஜம்பரைக் கழற்றி ஒன்று, மாட்டி ஒன்று. எகிறிய உயரம், மீள எடுத்த நேரம் இரண்டையும் அளந்து விவரக்குறிப்பிலேயே வையுங்கள். பிறகு கொடுக்கும் அளவுகள் ஏற்கெனவே எழுதிய பலனை உறுதிப்படுத்த உதவலாம். எழுதவே எழுதாத பலனை ஹியரிங்கில் போய் நம்பவைப்பது கடினம்.

3(எஃப்) போட்டிருக்காங்க, ‘தெரிந்த பாகங்களின் அடுக்கு’ன்னு. எல்லா சர்க்யூட்டும் அப்படித்தானே?

சட்டத்தின் முழு வாசகத்தைப் படியுங்கள். தெரிந்த பாகங்களை வெறுமனே அடுக்கி, ஒவ்வொன்றும் மற்றதைச் சாராமல் தன் வழக்கமான வேலையைச் செய்தால்தான் அந்தப் பிரிவு. ஒரே பெட்டியில் சார்ஜரும் டார்ச்சும் வைத்தால் அப்படி. நகரும் கிளாம்ப்பில் ஆம்ப்ளிஃபையரின் வெளியீடுதான் கிளாம்ப் மட்டத்தை முடிவு செய்கிறது, கிளாம்ப் திரும்ப ஆம்ப்ளிஃபையரின் போக்கை மாற்றுகிறது. ஒன்றில்லாமல் மற்றது இல்லை. இந்த உறவைச் சுட்டினாலே போதும், பக்கம் பக்கமாக எழுத வேண்டாம்.

அந்த மட்டத்தை மைக்ரோகண்ட்ரோலர் வச்சு செட் பண்ணுறேன். 3(கே)ன்னு தள்ளிருவாங்களோ?

கணினி நிரல் அதுவாகவே, அல்காரிதம், கணித முறை இவற்றுக்குக் காப்புரிமை இல்லை என்பது 3(கே). நிரல் இருந்தாலே தள்ளுபடி என்று அர்த்தமில்லை. 2019இல் ஃபெரித் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவு இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. கிளெய்ம் ‘சராசரியைக் கணக்கிடும் முறை’ என்று ஆரம்பித்தால் நீங்களே ஆட்சேபணையை வரவழைக்கிறீர்கள். ‘ஆம்ப்ளிஃபையர் முனையோடு இணைந்த ஏடிசி (மின்னழுத்தத்தை எண்ணாக்குவது), கிளாம்ப் டிரான்சிஸ்டரின் பேஸை இயக்கும் டிஏசி (எண்ணை மின்னழுத்தமாக்குவது)’ என்று சுற்றிலிருந்து ஆரம்பித்து, விளைவை வோல்ட்டிலும் மைக்ரோ வினாடியிலும் சொல்லுங்கள்.

பதில் அனுப்பும்போது புது சர்க்யூட்டைச் சேத்துக்கலாமா? இப்ப இன்னும் நல்லா டெவலப் பண்ணிட்டேன்.

முடியாது. பிரிவு 59 அனுமதிப்பது துறத்தல் (கேட்டதில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பது), திருத்தம், விளக்கம் மட்டும். திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள்ளேயே இருக்க வேண்டும், முதலில் எழுதாத பொருள் உள்ளே வரக்கூடாது. போர்டைக் காட்டணுமா என்ற கேள்வியில் எழுத்தை அவ்வளவு வலியுறுத்தியதற்குக் காரணம் இதுதான். புதிதாக மேம்படுத்தியதற்குத் தனி விண்ணப்பம் கொடுங்கள். பழைய விண்ணப்பத்திலேயே இரண்டு கண்டுபிடிப்பு இருக்கிறது என்று எக்ஸாமினர் சொன்னால், உதாரணமாக எரர் ஆம்ப்ளிஃபையர் கிளாம்ப்பும் டிரெயின் கிளாம்ப்பும் கலந்திருந்தால், பிரிவு 16இன்படி ஒன்றைப் பிரித்துத் தனி விண்ணப்பமாக்கலாம்.

எஃப்இஆருக்குப் பதில் எப்ப வரைக்கும் கொடுக்கலாம்? ஹியரிங்குக்குச் சென்னை போணுமா?

அறிக்கைத் தேதியிலிருந்து ஆறு மாதம். படிவம் 4 கொடுத்து மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம், ஆனால் ஆறு மாதம் முடியும் முன்பே கேளுங்கள். பதிலே கொடுக்காவிட்டால் கைவிட்டதாகக் கருதிவிடுவார்கள். காலேஜ் மெயில் ஐடி கொடுத்துவிட்டுப் படிப்பு முடிந்து போய்விடுவது, அறிக்கை வந்ததே தெரியாமல் கெடு தாண்டுவது, இது ரொம்ப நடக்கிறது. நீண்ட நாள் இருக்கும் மெயிலைக் கொடுங்கள்.

ஹியரிங் வீடியோவில் நடக்கும். முடிந்த 15 நாளுக்குள் எழுத்துப்பூர்வமாகவும் கொடுக்க வேண்டும். சுற்றை வரைந்த ஆள் ஹியரிங்கில் இருப்பது நல்லது. 1 பின்னில் என்ன நடக்கிறது என்று கேட்டால் உடனே சொல்ல அவரால்தான் முடியும்.

யாரு பேர்ல போடணும்? காலேஜ், கைடு, நாங்க மூணு பேரு இருக்கோம்.

கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் உண்மையில் யோசித்தவர்கள் பெயர் மட்டும். விண்ணப்பதாரராகக் கல்லூரி இருக்கலாம், அதற்கு நீங்கள் உரிமையை எழுதிக் கொடுக்க வேண்டும். கல்லூரியின் விதியை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். துறைத் தலைவர் பெயரை மரியாதைக்காகக் கண்டுபிடித்தவராகச் சேர்க்கும் பழக்கம் வேண்டாம், மரியாதையை வேறு வழியில் காட்டலாம்.

தனிநபர் விண்ணப்பதாரர்களில் ஒருவராவது பெண்ணாக இருந்தால் படிவம் 18ஏ மூலம் விரைவுப் பரிசீலனை கேட்கலாம், கட்டணம் 8,000 ரூபாய். ஸ்டார்ட்அப்புகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் அந்த வழி உண்டு. நம் கல்லூரிகளில் மாணவிகள் இவ்வளவு பேர் இருந்தும் இதைப் பயன்படுத்துபவர்கள் குறைவு என்பது எனக்கு வருத்தம்.

முதல்ல அமெரிக்காவுல போட்டுட்டு அப்புறம் இங்க போடலாமா?

இந்தியாவில் வசிப்பவர் அனுமதி வாங்காமல் வெளிநாட்டில் முதலில் போடக்கூடாது, பிரிவு 39. ஒன்று அனுமதி வாங்குங்கள், அல்லது இங்கே கொடுத்து ஆறு வாரம் பொறுங்கள். மீறினால் இங்குள்ள விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும்.

ஃபைல் பண்ண பிறகு தேடுனா அப்படியே அச்சு அசலா பழசு ஒண்ணு கிடைச்சிருக்கு. என்ன செய்ய?

முதலில் 3842 கேள்வியில் பார்த்ததுபோல உங்கள் கிளெய்மை அதோடு பாகம் பாகமாக ஒப்பிடுங்கள். அச்சு அசல் என்று தோன்றுவது பல நேரம் படத்தின் ஒற்றுமைதான். இணைப்பு எங்கிருந்து எங்கே போகிறது என்று பார்த்தால் வேறுபாடு தெரியலாம். வேறுபாடு இருந்தால் பரிசீலனைக்கு முன்பே கிளெய்மைத் திருத்தலாம், பிரிவு 59இன் எல்லைக்குள்.

உண்மையிலேயே ஒன்றுதான் என்றால், விண்ணப்பம் கொடுத்து 15 மாதத்துக்குள் வாபஸ் வாங்கினால் அது வெளியாகாது. நீங்கள் எழுதிய மற்ற விவரங்கள் ரகசியமாகவே இருக்கும், அவற்றில் புதிது எதுவும் இருந்தால் வேறு விண்ணப்பத்துக்குப் பயன்படும். தற்காலிக விவரக்குறிப்பு நிலையிலேயே கண்டுபிடித்துவிட்டால் இன்னும் எளிது, முழு விவரக்குறிப்பு கொடுக்காமல் விட்டாலே போதும், அது வெளிவராது. படிவம் 9 கொடுக்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை தேடுங்கள் என்று சொல்வது இதனால்தான். ஜர்னலில் வந்த பிறகு திரும்ப எடுக்க வழியில்லை.